துன்பத்துக்குச் சான்று

ஹூஸ்டனில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். என் மேசையில் சேருபவை பெரும்பாலும் ஐ-601ஏ விண்ணப்பங்கள்: அனுமதியில்லாமல் தங்கியதால் வரும் நுழைவுத் தடையிலிருந்து விலக்குக் கேட்பவை. மனைவி அமெரிக்கக் குடிமகள், கணவர் எல்லையை ஒளிந்து கடந்து வந்தவர் என்பது போன்ற குடும்பங்கள்.

குடிமகளை மணந்தால் கிரீன் கார்டு தானாக வந்துவிடும் என்று நம்மவர்களும் நினைக்கிறார்கள். விசாவில் வந்து, காலாவதியான பிறகும் தங்கியவர் என்றால் இங்கிருந்தபடியே விண்ணப்பிக்க வழியுண்டு. அதிகாரியிடம் முகம் காட்டாமல் நுழைந்தவர், மிகச் சிலரைத் தவிர, சொந்த நாட்டுக்குப் போய்த்தான் விசா வாங்கி வரவேண்டும். மெக்சிகோக்காரர் என்றால் அங்கே சியுதாத் ஹுவாரெஸ் நகரில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு. ஆனால் ஓராண்டோ அதற்கு மேலோ அனுமதியில்லாமல் இருந்தவர் வெளியே காலெடுத்து வைத்ததும், பத்து ஆண்டுகளுக்குத் திரும்பி வரத் தடை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த பொறி இது. 2013 முதல்தான், கிளம்புவதற்கு முன்பே இங்கிருந்து விலக்குக் கேட்க முடிகிறது.

அதற்கு, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வாழ்க்கைத்துணை அல்லது பெற்றோர் மிகக் கடுமையான இன்னலுக்கு ஆளாவார் என்று நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் படும் பாடு கணக்கில் வராது. பிள்ளைகள் படுவதும் நேரடியாக வராது. குழந்தைக்கு ஆஸ்துமா என்றால், அதனால் தாய் வேலையை விட நேரும் என்று அதைத் தாயின் துன்பமாக்கி எழுதுகிறேன். இந்தச் சுற்றுவழி எனக்கு இன்றுவரை எரிச்சல் தருகிறது.

கூரை வேலை செய்பவரின் மனைவி ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் எழுதி வந்தார். முழுக்கக் கணவரின் புகழ்: உழைப்பாளி, வரி கட்டுகிறார், குடிப்பதில்லை. "அவர் இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றேன். "சமாளித்துக்கொள்வேன்" என்றார், சற்று நிமிர்ந்து. இந்தப் பதில்தான் கோப்பைக் கெடுக்கும். பேசிக்கொண்டே போனபோது, மாலை ஆனதும் அவர் கார் ஓட்டுவதில்லை என்று தெரிந்தது. சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. வேலை முடிந்ததும் கணவர்தான் அழைத்துப் போகிறார். சொல்லத் தக்க விஷயமாகவே அவருக்கு அது படவில்லை. கைப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட மருந்துக்கடை ரசீதுகளை எடுத்தார். பாதிக்கு மேல் மை மங்கிப்போயிருந்தன. நகலெடுக்கும் இயந்திரத்தில் கருமையைக் கூட்டி, தேதி தெரியும்வரை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

விண்ணப்பக் கட்டணம் 795 டாலர். முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் மருத்துவச் சான்றுகள் பழையதாகிவிடும். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது, புதிதாக விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் முன்பாக நாங்கள் கேட்பது, "நடுவில் ஊருக்குப் போய் வந்தீர்களா?" என்பது. பலர் தயங்குவார்கள். ஒருவர் தந்தையின் அடக்கத்துக்குப் போய், மறுபடி எல்லை ஆற்றை ஒளிந்து கடந்து வந்திருந்தார். முன்பே பல ஆண்டுகள் இங்கே இருந்தவர். இப்படித் திரும்பி நுழைந்தவருக்கு நிரந்தரத் தடை. வெளியே பத்து ஆண்டுகள் கழித்த பிறகுதான் அனுமதியே கேட்கலாம். மனைவியின் அறுவை சிகிச்சைக் குறிப்புகள், வீட்டுக்கடன் தாள்கள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அனுப்பியிருந்தால் விலக்குக் கிடைத்தும் இருக்கலாம். ஹுவாரெஸில் நேர்காணல் அதிகாரி அந்தப் பயணத்தைக் கண்டுபிடித்ததும் அந்த விலக்கு செல்லாமல் போகும். அப்போது அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பார். வழக்கறிஞர் கட்டணம் வாங்காமல் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். மனைவி என்னிடம், இதையே வேறு வழக்கறிஞர் செய்து தருவாரா என்று கேட்டார். செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், போகாதீர்கள் என்றேன்.