பட்டாலைச் சுவரில் தொங்கும் படங்களைப் பகிரும் முன்

செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில், அதாவது உட்காரும் கூடத்தில், நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரே வரிசையில் நாலு வகைப் படங்கள் தொங்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன ஐயா ரங்கூனிலோ பினாங்கிலோ எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ போட்டோ, ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, ஒரு கண்ணாடி ஓவியம், சாமி அறைப் பக்கமாகத் தஞ்சாவூர்ப் படம். விசேஷத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி செல்போனில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் டியூப் லைட் கோடு, ஓரத்தில் எடுத்தவரின் தலை, மேலே குறுகிக் கீழே விரிந்த சட்டம். இத்தனை வருஷம் சுவரில் தாக்குப்பிடித்த படத்துக்கு இது போதாது.

முதலில் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு. பழைய படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருக்க மாட்டார்கள்; மேல்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்கும். அதனால் கண்ணாடியில் தெரிவது எதிர்ச்சுவர் அல்ல, தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் அதன் சிவப்பும் பச்சையும் படத்தின் மேல் ஏறிவிடும். முகம் ஏன் செம்மை பாய்ந்து தெரிகிறது என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். படத்துக்கு நேர் கீழே தொடங்கி நீங்கள் நிற்கும் இடம் வரை கறுப்புப் போர்வை ஒன்றை விரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி நீங்களும் உங்கள் சட்டையும். கறுப்புத் துணியில் கேமரா லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதை உங்களுக்கு முன்னால் திரைபோலப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வழியாக எடுங்கள்.

ஃபிளாஷ் கூடாது, மின்விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். காலை ஒன்பது பத்து மணிக்கு, வளவில் (நடுமுற்றத்தில்) வெயில் நேராக இறங்குவதற்கு முன் பரவும் வெளிச்சமே சிறந்தது. மேகமூட்டமான நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. விளக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே மாதிரி இரண்டு விளக்குகளைப் படத்தின் இருபுறமும் 45 டிகிரியில் வையுங்கள். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் பில்டர் வாங்கினால் கண்ணாடிப் பளபளப்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது சாய்வாகப் பார்க்கும்போதுதான் வேலை செய்யும். நேருக்கு நேர் நின்று எடுக்கும்போது பில்டர் மட்டும் உதவாது.

படத்தின் உயரத்துக்கே ஏறி நில்லுங்கள், ஏணியானாலும் சரி, மேசையானாலும் சரி. படம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு போனையும் சாய்க்க வேண்டும். கிட்டே போய் எடுத்தால் சட்டத்தின் ஓரங்கள் வயிறு தள்ளும். ஆறேழு அடி பின்னால் நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் நேராக வரும். போன் திரையில் கட்டக்கோடு (கிரிட்) போட்டு நான்கு மூலைகளையும் சரிபாருங்கள். மூன்று விநாடி டைமர் வைத்தால் விரல் படும் அதிர்வு இருக்காது.

கழற்றி இறக்குவதை யோசித்துச் செய்யுங்கள். மாட்டிய கம்பி துருப்பிடித்திருக்கும், பின்பலகையைக் கரையான் தின்றிருக்கும். தூக்கும்போது பலகை மட்டும் கையோடு வந்து கண்ணாடி கீழே போகும். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கை எப்போதும் அடிச்சட்டத்தில் இருக்க வேண்டும்.

இனி வகைக்கு வருவோம். கண்ணாடி ஓவியத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்கவே கூடாது, ஏனென்றால் கண்ணாடிதான் ஓவியம். கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் வரிசையில் வரைவார்கள். கண், மூக்குக் கோடு, நகை முதலில், உடல் நிறம் அதற்கு மேல், பின்னணி கடைசியில். வருஷங்கள் போகப் போக வண்ணம் கண்ணாடியை விட்டு உரியத் தொடங்கும். முன்பக்கம் பளபளவென்று நன்றாக இருப்பதை நம்பிப் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் சாமியின் முகமே துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், திரவம் எதுவும் தெளிக்காதீர்கள், ஓரத்தில் கசிந்து உள்ளே இறங்கும்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு இரண்டு படம் எடுக்க வேண்டும். சுண்ணமும் பசையும் குழைத்துப் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக் (மெல்லிய தகடு) ஒட்டியிருப்பதால் நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையான மஞ்சளாகிவிடும். பரவிய வெளிச்சத்தில் ஒன்று, நிறத்துக்காக. மற்றதெல்லாம் அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரே விளக்கு காட்டி இன்னொன்று, புடைப்புக்காக. இரண்டாவதில்தான் ரேக் எங்கே தூக்கிக்கொண்டிருக்கிறது, கல் எங்கே விழுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

ரவிவர்மா படம் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை கையால் தீட்டியவை அல்ல, அச்சுப் படங்கள். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் பின்னர் லோனாவ்லா அருகே மலவ்லிக்குப் போய், ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, எண்ணெய் ஓவியம்போலத் தெரிய வார்னிஷ் பூசுவார்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லச்சில் ஒழுங்கில்லாத பொட்டுகள் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் என்றால் பிற்கால ஆஃப்செட் அச்சு. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் காலண்டர் சாமிகள் சிவகாசியில் அப்படி ஆயிரக்கணக்கில் அச்சானவை. தூரிகை இழுத்த தடம் தெரிந்தால் மட்டுமே ஓவியம். அச்சகத்தின் பெயர் அடி விளிம்பில் இருக்கும். சட்டம் போட்டவர் அதை மறைத்திருக்கலாம், வெட்டியும் இருக்கலாம். தேவியின் சேலை மேல் ஜரிகையும் சம்கியும் தைத்த படம் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு பக்க வெளிச்சத்தில் அந்தத் தையலையும் கிட்டத்தில் தனியாக எடுங்கள். ஒரே அச்சு நூறு வீட்டில் இருக்கும், அந்தத் தையல் உங்கள் வீட்டில் மட்டும்தான்.

போட்டோக்களில் பெரிய ஆபத்து, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது. ஈரத்தில் தாளின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில், தாள் கையில். ஒட்டியிருப்பதை அப்படியே கண்ணாடி வழியாக எடுங்கள். ஒட்டாத உதிரிப் படங்களை ஸ்கேன் செய்யலாம்: கார்டு அளவு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), பெரியது 300. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, கையெழுத்து, விலாசம் எல்லாம் அங்கேதான். இருண்ட பகுதியில் நீலமாக மினுங்குவது அழுக்கல்ல, மேலே வந்துவிட்ட வெள்ளி. துடைக்காதீர்கள்.

பார்த்துச் சிரிக்க வேண்டிய படங்களும் இதே ஆல்பங்களில் இருக்கின்றன. ஏரியும் மாடிப்படியும் தீட்டிய ஸ்டுடியோத் திரைக்கு முன்னால், அசையாமல் இருக்கச் சொல்லியும் அசைந்துவிட்ட குழந்தைக்கு இரண்டு தலை. வீட்டு முகப்பின் மேல் கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியோடு காவல் நிற்கும் சுதை வெள்ளைக்காரச் சிப்பாய். எனக்கு மிகவும் பிடித்தவை ஒட்டுப் படங்கள். கடல் கடந்து போனவர் கல்யாணக் குழுப் படத்தில் இல்லையென்றால் வேறு படத்திலிருந்து அவரை வெட்டி ஒட்டிவிடுவார்கள். எல்லோருக்கும் நிழல் இடப்பக்கம் விழும், அவருக்கு மட்டும் வலப்பக்கம்; கால் தரையில் பாவாது. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள். எல்லோருக்கும் அவரவர் வலப்பக்க மார்பில் பை இருந்தால் திருப்பிவிட வேண்டியதுதான்.

இந்தப் படங்களைச் செயலியில் கொடுத்துக் கலராக்கிப் பகிராதீர்கள். பழைய பிலிமில் பல வகைகளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் வெளுத்துவிடும். அரக்குக் கண்டாங்கிச் சேலை கறுப்பாகவும் நீலச் சேலை வெள்ளையாகவும் பதிந்திருக்கும்; செயலி அதை நம்பி வேறு நிறம் பூசும். முகத்தைத் தெளிவாக்கும்போது இல்லாத பல்வரிசையைப் போடும், கழுத்திருவை (நகரத்தார் பெண்களின் பெரிய தாலியை) சாதாரணப் பாசிமாலையாக்கும். அடுத்த தலைமுறை அதைத்தான் அப்பத்தாவின் முகம் என்று நினைத்துக்கொள்ளும். கலராக்கியே தீரவேண்டும் என்றால் மூலத்தையும் கூடவே அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், எடுத்த தேதி முதலிய தகவலும் போய்விடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே ஊர், வீடு, விசேஷம், வருஷம் எழுதுங்கள். மூலப் படத்தின் பின்னால் எழுதுவதானால் பால்பாயிண்ட் வேண்டாம், ஓரமாக மெல்லிய பென்சில் போதும்.

ஆட்களை அடையாளம் காணப் போனைப் பெரியவர்களிடம் நீட்டாதீர்கள். ஏ4 தாளில் பெரிதாக அச்செடுத்து, முகத்துக்கு ஒரு எண் போட்டு, முகப்பில் வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். “இது யாரு ஆச்சி?” என்று தொடங்கினால் தெரியலையப்பா என்றுதான் வரும். “இது யார் வீட்டு வளவு? திருப்பூட்டா (தாலி கட்டும் சடங்கா), அறுபதாம் கல்யாணமா?” என்று கேளுங்கள். தூணையும் தரைக்கல்லையும் வைத்து வீட்டைச் சொல்வார்கள், வீட்டை வைத்து ஆளைச் சொல்வார்கள். சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்பதையும் எழுதிவையுங்கள். மூன்றாம் எண்ணுக்கு இரண்டு ஆச்சிகள் இரண்டு பெயர் சொன்னால், இரண்டையும்.