ட்ரூ டிடெக்டிவ்: கடைசி வாரங்களின் நாட்குறிப்பு

17 பிப்ரவரி 2014, திங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி எச்.பி.ஓ.வின் ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் ஐந்தாம் அத்தியாயம் பார்த்து முடித்தேன். மொத்தம் எட்டுதான், மிச்சம் மூன்று. இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் குறிப்புகளை இத்தோடு விட்டுவிடுவது நல்லது. எதையும் மறைத்து எழுதப்போவதில்லை.

1995இல் லூசியானாவின் கரும்பு வயல் ஒன்றில், மரத்தடியில் மண்டியிட்ட நிலையில், தலையில் மான்கொம்புடன் டோரா லாங் என்ற பெண்ணின் சடலம் கிடைக்கிறது. துப்பறிபவர்கள் ரஸ்ட் கோலும் மார்ட்டி ஹார்ட்டும். 2012இல் அதே பாணியில் இன்னொரு கொலை நடந்திருப்பதால், இரண்டு அதிகாரிகள் இவர்களைத் தனித்தனியே உட்காரவைத்துப் பழைய கதையைக் கேட்கிறார்கள். இன்று பார்த்த அத்தியாயத்தில் அந்தக் கதையின் பொய் வெளிப்பட்டது. வாய் துப்பாக்கிச் சண்டையை விவரிக்கிறது. திரையிலோ, டோரா கொலையில் தேடப்பட்ட ரெஜி லடூவின் தலையில், கைவிலங்கு மாட்டிய பிறகு, மார்ட்டி சுடுகிறான். அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டுவிட்டு வந்த ஆத்திரம். உடனே ரஸ்ட் ஒரு துப்பாக்கியை எடுத்துக் கண்டபடி சுட்டு, சண்டை நடந்ததற்கான அடையாளங்களை உண்டாக்குகிறான்.

பதினேழு வருடங்களாக இருவரும் ஒரே பொய்யைக் கலையாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அதில் கடைசிப் பத்து வருடங்கள் முகம் பார்த்துப் பேசக்கூட இல்லை. இந்தத் தொடரின் நட்பு எப்படிப்பட்டது என்று இதைவிடத் தெளிவாக வேறெந்தக் காட்சியும் சொல்லவில்லை.

இரவே தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அக்கா, மார்ட்டிதான் கொலைகாரன். லடூ வாயைத் திறந்துவிடக் கூடாதென்றுதான் சுட்டான்.” அவன் குரலில் அத்தனை நிச்சயம்.

20 பிப்ரவரி

தம்பி மட்டுமல்ல, இந்தத் தொடரைப் பார்க்கும் எல்லோரும் துப்பறிவாளர்களாகிவிட்டார்கள். இந்த வாரத்து எண் ஐந்து. இரண்டாம் அத்தியாயத்தில் மார்ட்டியின் மகள் ஆட்ரி தன் அறையில் ஒரு பெண் பொம்மையைச் சுற்றி ஐந்து ஆண் பொம்மைகளை வைத்திருந்தாள். டோராவின் தாய் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் ஐந்து குதிரைவீரர்கள். இப்போது ரஸ்ட் பீர் டப்பாவைக் கத்தியால் வெட்டி மேசைமேல் நிற்கவைத்த தகர மனிதர்களும் ஐந்து. காட்சிகளை நிறுத்தி, பெரிதாக்கி, வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். ஒருவருக்கு ரஸ்ட் மேல் சந்தேகம், இன்னொருவருக்கு மார்ட்டியின் மாமனார் மேல்.

தொடரில் அடிபடும் ‘மஞ்சள் அரசன்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு சிலர் நூலகத்துக்கே போய்விட்டார்கள். 1895இல் ராபர்ட் சேம்பர்ஸ் எழுதிய சிறுகதைத் தொகுப்பின் தலைப்பு அது. அந்தக் கதைகளுக்குள் ஒரு நாடகப் பிரதி வருகிறது. அதைப் படிப்பவர்களுக்குப் புத்தி பேதலிக்கும். நூற்றாண்டுக்கு முந்தைய அந்தப் புத்தகம் இந்த மாதம் அமேசானில் அதிகம் விற்பவற்றின் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஒரு தொடர் தன் பார்வையாளர்களைப் பழைய இலக்கியத்தின் பக்கம் இப்படித் திருப்பியது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஆனால் அந்தப் பொம்மைகள் என்னை விடவில்லை. ஒரு சின்னப் பெண் இப்படி விளையாடுகிறாள் என்றால் முதலில் வரவேண்டிய கேள்வி, கொலைகாரன் யார் என்பதா, அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதா?

24 பிப்ரவரி

ஆறாம் அத்தியாயம். 2002இல் மார்ட்டியின் மனைவி மேகி, கணவனின் துரோகத்துக்குப் பதிலடியாக ரஸ்டிடம் போகிறாள். விஷயம் தெரிந்து, காவல் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த மோதலில் ரஸ்டின் வண்டியின் பின்விளக்கு உடைகிறது. பிறகு 2012. சாலையில் ரஸ்ட் மார்ட்டியை வழிமறிக்கிறான், பேச வேண்டும் என்கிறான். அவன் வண்டி முன்னே போக, மார்ட்டி பின்தொடர்கிறான். அந்தப் பின்விளக்கு அன்று உடைந்தபடியே இருக்கிறது.

பத்து வருடங்களாக ஒருவன் அதை மாற்றாமல் ஓட்டியிருக்கிறான்! இதை விளக்க ஒரு வசனம்கூட இல்லை. ஐந்துகளை எண்ணுகிறவர்களின் பட்டியலில் இந்த விளக்கு இல்லை, ஏனென்றால் இது எந்தக் கொலையையும் துலக்கப்போவதில்லை. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த காட்சி இதுதான்.

27 பிப்ரவரி

நியூயார்க்கர் இதழில் எமிலி நஸ்பாம் எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். இத்தொடரின் பெண்கள் ஆழமில்லாதவர்கள், மனைவியாகவோ விலைமாதாகவோ பிணமாகவோதான் வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. ரசிகர்கள் கொதிக்கிறார்கள். தம்பிக்கும் கோபம். எனக்கு அதில் பெரும்பகுதி சரியென்றே படுகிறது. டோரா லாங் எப்படி இறந்தாள் என்பதற்குக் கோப்புக் கோப்பாக விவரம் இருக்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு? ஒரு டைரி, ஒரு முன்னாள் கணவன், தலைவலியால் அவதிப்படும் ஒரு தாய். அவ்வளவுதான்.

3 மார்ச்

நேற்று ஒரே இரவில் இரண்டு நிகழ்வுகள். மேத்யூ மெக்கானஹே சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை வாங்கினார்; வேறொரு படத்துக்காக. அதே இரவு, ரஸ்டாக அவர் நடித்த ஏழாம் அத்தியாயம் ஒளிபரப்பானது.

சேமிப்புக் கிடங்கு ஒன்றில் ரஸ்ட் ஒரு வீடியோ நாடாவைப் போடுகிறான். மாரி ஃபோன்டெனோ என்ற காணாமற்போன சிறுமிக்கு நடந்த கொடுமை அதில் இருக்கிறது. நமக்குக் காட்டப்படுவது தொடக்கம் மட்டும்தான். மீதியை மார்ட்டியின் முகத்தில் பார்க்கிறோம். மார்ட்டியாக நடிக்கும் வுடி ஹாரெல்சன் எழுந்து, தாங்கமுடியாமல் கத்தி, நாடாவை நிறுத்துகிறார். இயக்குநர் கேரி ஜோஜி ஃபுகுனாகாவின் இந்த அடக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். குழந்தையின் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்காமலே அதன் கனத்தை முழுதும் இறக்கிவைத்துவிட்டார்.

முடிவில் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்த ஒருவன் அதிகாரிகளுக்கு வழி சொல்கிறான். அவர்கள் போனபின் அவன் முகத்தின் தழும்புகள் தெரிகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில், மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் ரஸ்டோடு பேசியவன் இவனேதான். தம்பியிடமிருந்து இன்று அழைப்பே இல்லை.

8 மார்ச்

நாளை கடைசி. எழுத்தாளர் நிக் பிஸொலாட்டோ, பார்வையாளர்களை ஏமாற்றும் திருப்பம் எதுவும் வைக்கவில்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டார். யாரும் நம்புவதாக இல்லை.

நம்பாததற்குக் காரணமும் உண்டு. 2011இல் ‘தி கில்லிங்’ முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்திலும் கொலைகாரனைச் சொல்லாமல் முடித்தபோது கிளம்பிய கோபத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கும் முன்னால் ‘ட்வின் பீக்ஸ்’. லாரா பால்மரைக் கொன்றது யார் என்று உலகமே கேட்டது. 1990 நவம்பரில் சொன்னார்கள். அதன்பின் கூட்டம் கலைந்தது. 1991 ஜூனில் தொடரே நின்றுபோனது. பெயர் கிடைத்ததும் கிளம்பிவிடுகிற பார்வையாளர்கள் மேல் எனக்கு வருத்தம்தான். லாராவின் துயரம் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெயருக்குப் பிறகுதானே அதைப் பேசியிருக்க வேண்டும்?

10 மார்ச்

பார்த்தாயிற்று. அமெரிக்காவில் நேற்றிரவு ஒரே நேரத்தில் எல்லோரும் மொய்த்ததில் எச்.பி.ஓ.வின் இணையச் சேவை முடங்கிப்போனதாம்.

துப்பு துலங்கிய விதம் எனக்கு நிறைவாக இருந்தது. பச்சைக் காதுகள் கொண்ட அரக்கன் துரத்தியதாக ஒரு சிறுமி முன்பு சொல்லியிருந்தாள். பழைய புகைப்படம் ஒன்றில் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்த வீட்டை மார்ட்டி கவனிக்கிறான். காதில் ஒட்டியிருந்தது பெயின்ட்! மஞ்சள் அரசனும் இல்லை, புராணமும் இல்லை. வீட்டுக்கு வண்ணம் அடித்த ஒரு ஆள். குழந்தை சொன்னதை யாராவது அன்றே காதுகொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

அந்த ஆள், புல்வெட்டும் வண்டியில் இருந்த அதே எரல் சில்ட்ரெஸ், இறக்கிறான். இந்தக் கொடுமைகளுக்குப் பின்னால் இருந்த செல்வாக்குள்ள டட்டில் குடும்பத்துப் பெரிய மனிதர்கள் தப்பிக்கிறார்கள். படுகாயத்தோடு பிழைத்த ரஸ்ட், மருத்துவமனைக்கு வெளியே, இறந்துபோன தன் சின்னஞ்சிறு மகளின் அன்பை நினைவிழந்த இருட்டில் உணர்ந்ததாகச் சொல்லி அழுகிறான். உலகையே வெறுத்துப் பேசிவந்தவன் இப்படி முடிவதா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்கமாட்டேன். அவனுடைய அத்தனை தத்துவமும் அந்தக் குழந்தையின் சாவுக்குப் பிறகு வந்ததுதான்.

13 மார்ச்

தம்பி இன்று நேரில் வந்தான். “அப்படியானால் ஆட்ரியின் பொம்மைகள் எதற்கு? சும்மாவா?” ஏமாற்றப்பட்ட கோபம். பேசப் பேச எனக்கும் கோபம் ஏறியது, வேறு காரணத்துக்காக.

ஆட்ரியின் கதையை வரிசையாகப் பாருங்கள். சிறுமியாகப் பொம்மைகள். பள்ளி நோட்டில் ஆசிரியை பதறும் படங்கள். பதின்வயதில் இரண்டு பையன்களோடு காரில் பிடிபட்டபோது, அப்பாவிடமிருந்து கன்னத்தில் அறை. வளர்ந்தபின் ஓவியம் வரைகிறாள் என்பதும் மருந்து சாப்பிடுகிறாள் என்பதும் போகிறபோக்கில் வருகின்றன. கடைசியில் மருத்துவமனைக் கட்டிலருகே அம்மாவோடும் தங்கையோடும் வந்து நிற்கிறாள். மார்ட்டி, நன்றாகிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி உடைந்து அழுகிறான். ஹாரெல்சன் அதில் அற்புதம். ஆனால் அங்கேயும் அழுவது அப்பா; மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மார்ட்டி தன் வீட்டுக்குள் இருந்ததைப் பார்க்காதவன் என்று காட்டத்தான் அந்தப் பொம்மைகளை வைத்தார்கள் என்றால், அது ஆழமான எண்ணம். ஆனால் தொடரும் அவளை அப்படித்தானே நடத்தியது? அவள் வலியை எடுத்து மேசைமேல் வைத்தது, நம்மைப் பதறவைத்தது, பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் நகர்ந்துவிட்டது. டட்டில் குடும்பம் தப்பியதை நான் ஏற்றுக்கொள்கிறேன், உலகம் அப்படித்தான் நடக்கிறது. இதை ஏற்கமுடியவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தான். “யார் அவளைத் தொட்டது என்றாவது சொல்லியிருக்கலாம், அக்கா,” என்றான்.

“அவளையே கேட்டிருக்கலாம்,” என்றேன்.