கேபிளைப் புடுங்கிட்டா சர்வருக்கு எப்படித் தெரியும்? நெட்வொர்க் லேப் வைவாவுக்குப் படிக்கிறவங்களுக்கு

என் லேப் எக்ஸாம்ல சாட் சர்வர் புரோகிராம் நல்லா ஓடுச்சு, அவுட்புட்டும் காட்டிட்டேன். வெளிய இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கிளையன்ட் போயிட்டான்னு உன் சர்வருக்கு எப்படித் தெரியும்னு. டேட்டா வாங்குற ரெசிவ் ஃபங்ஷன் ஜீரோ ரிட்டர்ன் பண்ணும் சார்னு டக்குனு சொன்னேன். சரி, கிளையன்ட் மெஷினோட கேபிளைப் புடுங்கிட்டா? அங்க நின்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு லேப்டாப், நடுவுல ஒரு சுவிட்ச் வச்சு செஞ்சு பாத்தேன். கிளையன்டை கில் மைனஸ் 9 போட்டுக் கொன்னாலும் அந்தப் பக்க கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி, இனி அனுப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்ற ஃபின் பாக்கெட்ட அனுப்பிடுது, ரெசிவ்ல ஜீரோ வருது. ஆனா கேபிளை உருவினா யாரு ஃபின் அனுப்புறது? சர்வர் ரெசிவ்லயே உக்காந்திருக்கு, கனெக்ஷன்களைப் பட்டியல் போடுற எஸ்எஸ் கமாண்ட் போட்டா இன்னும் எஸ்டாப்னுதான் (கனெக்ஷன் உயிரோட இருக்குன்னு) காட்டுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேபிளை மறுபடி சொருகி கிளையன்ட்ல ஒரு லைன் டைப் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி சர்வர்ல வந்து விழுது! டிசிபி கனெக்ஷன்ங்கிறது ரெண்டு பக்க மெமரில இருக்கிற கணக்கு, நடுவுல வயர் இருக்கா இல்லையான்னு அது சும்மா இருக்கும்போது பாக்கறதே இல்ல. இது ஒண்ணு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும்.

சென்ட் பண்ணா தெரியுமேன்னு தோணும். சென்ட் சக்சஸ்னா கெர்னல் பஃபர்ல காப்பி ஆச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், எதிராளிக்குப் போச்சுன்னு இல்ல. கிடைச்சுதுன்னு சொல்ற அக் வரலன்னா லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்து, டீஃபால்ட்டா 15 நிமிஷத்துக்கும் மேல ஆகும் கைவிட. அதே மாதிரி எதிராளி சாக்கெட்டை மூடினதுக்கு அப்புறம் எழுதினா முதல் சென்ட் ஓகே ஆகும், இங்க கனெக்ஷன் இல்லன்னு சொல்ற ஆர்எஸ்டி பாக்கெட் வந்த பிறகு ரெண்டாவது சென்ட்ல சிக்பைப் சிக்னல் வந்து சர்வரே செத்துரும், அதனால அந்த சிக்னலை இக்னோர் பண்ணிடுங்க, ஈபைப் எர்ரரா கைல கிடைக்கும்.

அடுத்து கீப்அலைவ் பத்தி கண்டிப்பா கேப்பாங்க, அதாவது கனெக்ஷன் சும்மா இருக்கும்போது எதிராளி இருக்கானான்னு கெர்னலே சின்ன பாக்கெட் (புரோப்) அனுப்பிப் பாக்கறது. 1989ல வந்த இன்டர்நெட் விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 1122 படி இது டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கணும், கேப்போட டீஃபால்ட்டும் 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. லினக்ஸ்ல 7200 செகண்ட் சும்மா இருந்தா முதல் புரோப், அப்புறம் 75 செகண்டுக்கு ஒண்ணுன்னு முதலையும் சேத்து 9 புரோப், கடைசிக்கும் 75 செகண்ட் காத்திருந்து மொத்தம் 7875 செகண்ட், அதாவது 2 மணி 11 நிமிஷம் 15 செகண்ட். இந்தக் கணக்கைப் பேப்பர்ல போட்டுக் காட்டுங்க. சாக்கெட் ஆப்ஷன்ல மூணையும் குறைச்சுக்கலாம், அதையும் சொல்லிடுங்க.

ஆனா கீப்அலைவுக்கு பதில் சொல்றது கெர்னல். கிளையன்ட் புரோகிராம் ஏதோ லூப்ல மாட்டி தொங்கிட்டு இருந்தாலும் கெர்னல் அக் அனுப்பிட்டே இருக்கும், உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். அதான் அப்ளிகேஷன்லயே பிங் பாங், அதாவது ஒரு பக்கம் பிங்னு கேக்க மறுபக்க புரோகிராம் பாங்னு பதில் சொல்றது, வைக்கணும்கிறது. நான் 10 செகண்டுக்கு ஒரு பிங், தொடர்ந்து மூணு பதில் வரலன்னா குளோஸ்னு வச்சேன், எனக்கு அதுதான் சரியா வந்துச்சு.

ரெண்டு லேப்டாப் இல்லாதவங்க ரெண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு கிளையன்ட் பக்கம் லினக்ஸோட ஃபயர்வால் கமாண்ட் ஐபிடேபிள்ஸ்ல உள்ள வர்றது, வெளிய போறது ரெண்டுக்கும் டிராப் போடுங்க. ரிஜெக்ட் போடாதீங்க, அது எதிராளிக்கு பதில் அனுப்பிடும். டிராப்தான் கேபிளை உருவினதுக்கு சமம்.