எண்பது வயதுத் தோலுக்கு எதற்கு இத்தனை சோப்பு?

அம்மாவின் கறுப்பு உள்பாவாடையைத் துவைக்கப் போடுவதற்காக எடுத்து உதறினேன், வெள்ளையாகத் தூள் பறந்தது. பவுடராக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் அம்மா பவுடர் போடுவதை விட்டுப் பல வருஷமாகிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். தவிட்டைவிட சன்னமான செதில். முழங்காலுக்குக் கீழே அவருடைய தோல் இப்படித் தினமும் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அம்மாவுக்கு இப்போது 81 வயது நடக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் குளித்தவர். அப்பா போன பிறகு சென்னைக்கு எங்களோடு வந்துவிட்டார், இங்கே எங்கள் அடுக்குமாடியில் உப்பான போர் தண்ணீர்தான். வந்த முதல் மார்கழியில் ஆரம்பித்தது அரிப்பு. பகலில் அவ்வளவாக இல்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் சரக் சரக் என்று சத்தம் கேட்கும், காலையில் பார்த்தால் கெண்டைக்கால் நெடுக நகக் கீறல், போர்வையில் ரத்தப் பொட்டு. “அரிக்குது கண்ணு, தூக்கமே வரமாட்டீங்குது” என்பார். அதற்கு அம்மா கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து, பீர்க்கங்காய் நாரால் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளிப்பது. அதுவும் காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. அழுக்கு சேர்ந்துதான் அரிக்கிறது என்பது அவர் நம்பிக்கை. குளித்த அரை மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாக அரிக்கும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தோல் டாக்டரிடம் போகாமல், மருந்துக் கடையில் விஷயத்தைச் சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வந்தேன். ஒரு வாரம் அற்புதமாகக் கேட்டது. நிறுத்தினால் திரும்ப வந்தது, மறுபடி தடவினோம், இப்படியே இரண்டு மாதம். பிறகுதான் தெரிந்தது, அது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த களிம்பு. ஏற்கெனவே மெலிந்துபோன வயசான தோலை ஸ்டீராய்டு இன்னும் மெலிய வைக்கும், படர்தாமரை இருந்தால் அதை உள்ளுக்குள்ளே வளரவிட்டு மேலே மட்டும் மறைக்கும். தோலில் தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018லேயே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அட்டவணை H-இல் சேர்த்துவிட்டது. கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் நாம்தான் கேட்காமல் இருக்க வேண்டும்.

சரி, கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். மருந்துச் சீட்டை எடுக்கும் முன் அவர் மூன்று கேள்வி கேட்டார். என்ன சோப்பு, எத்தனை முறை குளியல், தண்ணீர் எவ்வளவு சூடு. அம்மா பெருமையாகப் பதில் சொன்னார். டாக்டர் அம்மாவின் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, உங்க தோல்ல அழுக்கே இல்லைங்க, எண்ணெயும் இல்லை” என்றார்.

விஷயம் இதுதான். நம் மேல்தோலை ஓடு வேய்ந்த கூரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள்தான் ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கொழுப்புப் பூச்சு இருக்கிறது, செராமைடு என்பது அதில் முக்கியமானது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் அந்தப் பூச்சுதான் காக்கிறது. வயதாக ஆக அந்தப் பூச்சு குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பிகள் ஓய்ந்துபோகின்றன, பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இது இன்னும் வேகம். இளவயதில் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள் ஆகும் என்றால், முதுமையில் 40 நாளுக்கும் மேலே போகிறது. அதாவது கூரையில் ஒரு ஓட்டை விழுந்தால் அடைபட ரொம்ப நாளாகும். அந்தக் கூரையைத்தான் அம்மா தினம் இரண்டு வேளை வெந்நீரும் நாரும் வைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

சோப்பில் என்ன பிரச்சினை என்று நானும் கேட்டேன், ஏனென்றால் நான் வாங்குவது டி.எஃப்.எம். 76 என்று அட்டையில் போட்ட முதல் தர சோப்பு. அந்த எண் சோப்பில் கொழுப்பமிலத்தின் அளவு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறது, தோலுக்கு மென்மையா என்பதற்கு அது சாட்சியில்லை. எந்தத் தரமானாலும் உண்மையான சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், அதன் பி.எச். 5 பக்கம் இருக்கும். சோப்புக் கரைசல் 9, 10 என்று போகும். இளம் தோல் ஓரிரு மணி நேரத்தில் தன் நிலைக்கு வந்துவிடும், வயசான தோல் அவ்வளவு சீக்கிரம் மீளாது. இதோடு உப்புத் தண்ணீர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படிவாகும். வாளியின் உள்பக்கம் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதேதான் உடம்பிலும் ஒட்டுகிறது. அம்மா வந்த புதிதிலேயே சொன்னார், “அங்க நுரை லேசுல போகாது, இங்க நுரையே வரமாட்டீங்குது”. நுரை வராததால் இன்னும் அதிகமாகத் தேய்த்திருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் குளியல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு முறைதான், பத்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. குளிர் காலத்தில் சில நாள் துடைத்துவிடுவதோடு சரி. தண்ணீர் வெதுவெதுப்பாக, புறங்கையில் ஊற்றினால் சூடு உறைக்காத அளவு. சோப்பு, அதாவது சோப்பு அல்லாத மென்மையான கட்டி (சிந்தெட் பார் என்று டாக்டர்கள் சொல்வது, பி.எச். 5.5 பக்கம் இருப்பது), அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாதம், இவ்வளவுக்கு மட்டும். கைகால், முதுகு, வயிறு எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர் போதும். நார் கிடையாது, என் உள்ளங்கைதான். “சோப்பு போடாம குளிச்சா குளிச்ச மாதிரியே இருக்காது கண்ணு” என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். வாசம் இல்லாததுதான் அவருக்குக் குறை என்று புரிந்தது. மடித்துவைத்த பழைய புடவைக்கு நடுவில் ஒரு சோப்பை வைத்து அலமாரியில் வைத்தேன், வாசம் துணிக்கு வரட்டும், தோலுக்கு வேண்டாம்.

துவட்டுவதற்கு ஈரிழைத் துண்டு. தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், முழுசாகக் காயவும் விடக் கூடாது. உடம்பில் ஈரம் மினுமினுவென்று இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், க்ரீம் தடவிவிட வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ந்த தோலில் எவ்வளவு விலையுயர்ந்த க்ரீம் போட்டாலும் இந்த மூன்று நிமிஷத்துக்கு ஈடாகவில்லை, இருக்கிற ஈரத்தைப் பூட்டுவதுதான் அதன் வேலை. க்ரீம் என்றால் வாசனை இல்லாத, கிளிசரினும் லிக்விட் பாரஃபினும் உள்ள சாதாரணமானது. முழங்கால், கெண்டைக்காலுக்கு வெள்ளை வாசலின். வீட்டில் செக்குத் தேங்காய் எண்ணெய் இருந்தால் அதுவும் நல்லதுதான், பிலிப்பைன்ஸில் 2004ல் வந்த ஓர் ஆய்வில் உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்கு (லிக்விட் பாரஃபின்தான் அது) சமமாகவே கேட்டிருக்கிறது. ஆலிவ் எண்ணெயை மட்டும் உடம்பில் பூச நான் விடுவதில்லை, அதில் ஒலியிக் அமிலம் அதிகம், அது அந்தக் கொழுப்புப் பூச்சைக் குலைக்கும். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம் ராத்திரி தடவி, மேலே காலுறை. காலுறையோடு நடக்கவிடாதீர்கள், வழுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாரஃபின் க்ரீமும் எண்ணெயும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றுவார், முந்தானை பக்கத்தில் தொங்கும். அதனால் விளக்கேற்றி முடித்து, புடவை மாற்றிய பிறகுதான் ராத்திரிப் பூச்சு.

எண்ணெய்க் குளியலை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வார், ஆனால் அரப்பு தலைக்கு மட்டும், உடம்பில் இருக்கும் எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணீர் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு போதும், மீதி இருக்கட்டும். குளியலறையில் ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க அகலமான நாற்காலி, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, இது மூன்றும் இல்லாமல் வயதானவர்களுக்கு எண்ணெய் தேய்க்கவே கூடாது, ஒரு தடவை வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். பயத்தமாவு தேய்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மெல்லிய துணியில் சலித்து, தயிரில் குழைத்து, பூசிக் கழுவினால் சரி. கடலைமாவு, முல்தானி மட்டி, எலுமிச்சைச் சாறு மூன்றும் எண்ணெய் வழியும் இளவயது முகத்துக்கு வேண்டுமானால் பொருந்தும், அம்மா வயதுக்குத் தொடவே தொடாதீர்கள்.

முன்கைத் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் முன்கை வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது, கதவில் லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டி இரண்டு வாரம் நிற்கிறது. ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம், அங்கே பஞ்சு வைத்து அழுத்தமான பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான் உரித்தேன், தோலும் கூடவே வந்துவிட்டது. அந்தப் புண் ஆற ஒரு மாதம் ஆனது. இப்போதெல்லாம் பிளாஸ்திரி வேண்டாம், துணிக் கட்டுப் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தப்பித் தவறி ஒட்டிவிட்டால், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

அம்மாவைக் கவனித்ததில் எனக்கும் புத்தி வந்தது. எனக்கு 57. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருஷத்திலேயே தோலின் கொலாஜன் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடுகிறது என்கிறார்கள், நானோ அந்த வருஷங்களில் நுரை பொங்கும் ஃபேஸ்வாஷ் வைத்து ஒரு நாளைக்கு மூன்று முறை முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதும் கன்னம் இழுக்கும், அந்த இறுக்கத்தைத்தான் சுத்தம் என்று நம்பினேன். இப்போது காலையில் வெறும் தண்ணீர், ராத்திரி ஒரே ஒரு முறை மென்மையான க்ளென்சர். நம் நிறத்துக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும், முதலில் தெரிவது மங்குதான், கன்னத்து எலும்பு மேல் எனக்கு இருக்கிறது. அதற்குச் சன்ஸ்கிரீனைவிடப் பெரிய மருந்து இல்லை. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிற நாளிலும், ஏனென்றால் வெயிலில் உள்ள யு.வி.ஏ. கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு குறையவில்லை என்றால் வறட்சி என்று மட்டும் நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரும்புச்சத்துக் குறைவு, சாப்பிடும் மாத்திரை, எதனாலும் அரிக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம், அப்படியானால் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஆறாத புண்ணோ, நிறமும் வடிவும் மாறி வளர்கிற மச்சமோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.

பொங்கலுக்கு அம்மா தம்பி வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறார், பதினைந்து நாள். க்ரீம் டப்பா, ஈரிழைத் துண்டு, காலுறை எல்லாம் பையில் வைத்தாயிற்று, தம்பி மனைவிக்கு முதுகில் தடவும் முறையை வீடியோ அழைப்பில் காட்டியும் விட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “அங்க சிறுவாணித் தண்ணிதானே கண்ணு, ஒரு நாளைக்கு மட்டும் நல்லா சோப்பு போட்டுக்கறேனே” என்றார். பொங்கலன்று ஒரு நாள், நார் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.