திறந்த நாளுக்குத் தனியப் போய் வாருங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் திறந்த நாள், அதாவது பள்ளிப் பிள்ளைகள் வந்து பீடங்களைப் பார்க்கிற நாள், என்றால் பள்ளிக்கூடத்தால் பஸ் பிடித்து ஏ.எல் (உயர்தர) பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் வகுப்போடு போனால் வகுப்பு நிற்கிற இடத்தில்தான் நாமும் நிற்கலாம். சேர் "வாங்கோ, நேரமாச்சு" என்றால் கேட்க வந்த கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். உங்களுக்கென்று ஒரு குழப்பம் இருந்தால் தனியப் போங்கள். எனக்கு இருந்தது. இணைந்த கணிதம் செய்கிற நான் பௌதிக விஞ்ஞானத்துக்குப் போவதா, கணினி விஞ்ஞானத்துக்குப் போவதா என்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். வடமராட்சியில் இருக்கிற நெல்லியடியிலிருந்து காலை பஸ்ஸில் போய், பொழுதுபட முதல் வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் ஓம் என்று சொல்ல வைப்பதுதான் முதல் வேலை, முக்கியமாகப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு. "தனியவோ போகப்போறாய்? மாமாவையும் கூட்டிக்கொண்டு போவன்" என்றுதான் அம்மா தொடங்கினா. எந்த பஸ், எங்கே இறங்குவது, எங்கெங்கே நின்று போன் எடுப்பேன், எத்தனை மணி பஸ்ஸில் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மாமாவின் கதை வரவில்லை. பெற்றோர் பயப்படுவது நியாயம். வாக்குவாதப்படுவதைவிட விபரமாகச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது, நீங்கள் பார்க்க வேண்டிய பீடம் எங்கே இருக்கிறது என்று சரியாக அறியுங்கள். கம்பஸ் என்றால் எல்லாம் திருநெல்வேலியில் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விஞ்ஞானமும் கலையும் அங்கேதான். மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில். நுண்கலை படிக்க விரும்புகிறவர்கள் மருதனார்மடம் போக வேண்டும். சித்த மருத்துவம் கைதடியில். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி டவுனையும் தாண்டி அறிவியல் நகரில். அங்கே போகிறவர்கள் விடிய வெள்ளென வெளிக்கிட்டு, வவுனியாப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏ9 வீதியால் போகலாம்.

திருநெல்வேலிக்கு என்றால் யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் பலாலி வீதியால் போகிற பஸ் எடுத்து, பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி நடக்கலாம். சந்திக்கு அந்தப் பெயர் வந்தது சேர் பொன். இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியால். அந்த வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது; 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. உள்ளே இருக்கிற சிவன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் பீடத்துப் பக்கம் போனேன்.

போக முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை வாசித்து முடியுங்கள். தமிழிலேயே இருக்கிறது. எந்தப் பாடநெறிக்கு என்ன பாடங்கள் வேண்டும், போன வருடம் உங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி (இடம் கிடைத்த ஆகக் குறைந்த புள்ளி) என்ன என்பதெல்லாம் வீட்டில் இருந்தே பார்க்கலாம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் எடுக்கிறார்கள். இவற்றைப் போய் ஒரு விரிவுரையாளரிடம் கேட்டு அவருடைய நேரத்தையும் உங்களுடைய நேரத்தையும் செலவழிக்க வேண்டாம். புத்தகத்தில் இல்லாததைக் கேளுங்கள்.

அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டாம் வருடப் பிள்ளைகள். முதலாம் வருடத்தின் கஷ்டம் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. கண்காட்சி மேசைக்குப் பின்னால் நின்ற ஒரு அக்காவிடம், "தமிழ் மீடியத்தில் படிச்சிட்டு இங்க வந்து இங்கிலீசில எப்பிடியக்கா சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டேன். அவ பதில் சொல்லாமல் பைக்குள்ளிருந்து தன் முதலாம் வருடக் கணிதக் கொப்பியை எடுத்து விரித்தா. முதல் பக்கங்களில் ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் சின்னச் சின்னத் தமிழ் எழுத்து. சார்பு, எல்லை, தொடர்ச்சி, வகையீடு. சில இடங்களில் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது. பத்துப் பதினைந்து பக்கம் தட்டப் பென்சில் எழுத்து ஐதாகியது. கொப்பியின் பின்பாதியில் ஒன்றும் இல்லை. "ரெண்டு மூண்டு மாசம் கஷ்டம்தான் தங்கச்சி. கணக்கு விளங்கின பிள்ளைக்குப் பாஷை பிறகு வரும்" என்றா. எந்த வரவேற்புரையும் எனக்குத் தராத தைரியத்தை அந்தக் கொப்பி தந்தது.

என் குழப்பத்துக்கும் அவவிடம்தான் வழி கிடைத்தது. பௌதிக விஞ்ஞானத்துக்குப் போனாலும் கணினியை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் புரோகிராமிங்கை முழுநேரமாகச் செய்ய ஆசையா, கணிதத்தையும் பௌதிகத்தையும் விட மனமில்லையா என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும் என்றா. அப்படி ஒருவரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. ரியூசனில் கேட்பதெல்லாம் எதற்கு வேலை கிடைக்கும் என்பதுதான்.

ஹொஸ்ரல் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், லைப்ரரி எத்தனை மணிவரை திறந்திருக்கும், வெளியில் அறை எடுத்தால் மாதம் என்ன முடியும் என்பதையும் கேளுங்கள். எந்தக் கம்பஸுக்குப் போனாலும் பகிடிவதை (ராகிங்) பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். முறைப்பாடு யாரிடம் கொடுப்பது என்பதை வர முதலே தெரிந்து வைத்திருப்பது உங்கள் உரிமை.

பின்னேரம் எல்லாரும் மேசைகளை ஒதுக்கத் தொடங்கும்வரை நிற்காதீர்கள். இருட்டினால் வடமராட்சிப் பக்கம் பஸ் குறையும். சீற் கிடைத்தால் பஸ்ஸிலேயே கேட்டதையெல்லாம் எழுதிவிடுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது அந்தத் தாள் பயன்படும். நீங்கள் எழுதுகிற விருப்ப ஒழுங்கில் உங்கள் இசட் புள்ளிக்கு (ஏ.எல் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற புள்ளி) கிடைக்கக்கூடிய மேலான தெரிவைத்தான் தருவார்கள். ஆகவே கிடைக்குமோ என்று பயந்து ஆசைப்பட்டதைக் கீழே போட வேண்டிய தேவை இல்லை. நான் கணினி விஞ்ஞானத்தை மேலேயும் பௌதிக விஞ்ஞானத்தை அதற்கு அடுத்தும் போடுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். அம்மாவுக்கும் காரணம் சொல்லிவிட்டேன்.