எது வந்தாலும்

“அண்ணே, பில் வரமாட்டேங்கு. ஏதோ அனுமதிக்கவா தடுக்கவான்னு கேக்கு. எத அமுக்க?”

“எது வந்தாலும் அனுமதியை அமுக்கிருமா.”

ஜங்ஷன் ஜவுளிக்கடை பில்லிங் பிள்ளையிடம் நான் போனில் பேசியது இவ்வளவுதான். ஐப்பசி முகூர்த்தக் கூட்டம். நான் பாளையங்கோட்டையில் ஏணி மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். சொன்னதில் தப்பும் இல்லை. பில்லிங் சாஃப்ட்வேர் இணையத்தில் ஓடுகிறது, பிரின்டர் மேஜை மேல் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரிலேயே 127.0.0.1 முகவரியில் காத்திருக்கும் சின்ன புரோகிராமிடம் பேசினால்தான் பில் வரும். 2025 அக்டோபர் கடைசியில் குரோம் பிரவுசரின் 142-ஆம் பதிப்பு வந்ததிலிருந்து இதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் “எது வந்தாலும்” என்று ஏன் சொன்னேன்?

பத்து நாள் கழித்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். அனுமதி வாங்கியவை இரண்டு. ஒன்று பில்லிங். இன்னொன்று ஏதோ கூப்பன் தளம். கடைக்குள் இருக்கும் சாதனங்களைத் தேட அதற்கு என்ன வேலை?

ஃபயர்வால் போட்டிருக்கு, வெளியாள் உள்ளே வர முடியாது என்று அண்ணாச்சியிடம் சொன்னவன் நான்தான். பிரவுசர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதில் திறந்த பக்கம் கடைச் சாதனங்களின் முகவரிகளை 192.168.1.1, அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொரு கதவாகத் தட்டலாம். பதிலைப் படிக்க பிரவுசர் விடாவிட்டாலும், பதில் சட்டென வந்ததா இழுத்ததா என்பதை வைத்தே எங்கே என்ன இருக்கிறது என்று ஊகித்துவிடும். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பழையது போன பிறகு மாடியில் நான் வைத்த கேமரா பெட்டி. பாஸ்வேர்டை அப்புறம் மாற்றலாம் என்று விட்டிருந்தேன்.

0.0.0.0 என்ற முகவரி வழியாக வெப் பக்கம் உள்ளே எட்டிப் பார்க்கும் ஓட்டையை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்காரர்களான மொசில்லாவிடம் 2006-லேயே சொல்லியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஒலிகோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மறுபடி கிளப்பிய பிறகுதான் பெரிய பிரவுசர்கள் அடைக்க ஆரம்பித்தன. பதினெட்டு வருஷம். அவர்களே அப்படியென்றால் ஏணி மேல் நிற்கிற நான் எம்மாத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் இந்தத் தடவை பிரவுசர் கேட்டதே. கேட்ட பிறகும் திறந்துவிட்டது என் வாய்தான்.

அண்ணாச்சி அவளைத்தான் சத்தம் போட்டார். அவள் என்னைப் பார்த்து, “நீங்கதான அண்ணே சொன்னிய” என்றாள்.

“பில்லிங்குக்குத்தாம்மா சொன்னேன்.”

பொய் சொல்லவில்லை. பில்லிங்கை நினைத்துத்தான் சொன்னேன். அவள் காதில் விழுந்தது நினைப்பு இல்லையே, வார்த்தைதானே. அதை அண்ணாச்சி முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அனுமதியை நீக்கினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். அந்தத் தளம் எதையாவது தேடியதா என்று இனி கண்டுபிடிக்க வழியில்லை. கடைக்குள்ளேயே ஒன்று இன்னொன்றைத் தட்டுவது ரவுட்டரின் பதிவேட்டில் ஏறாது.

இப்போது திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் போன் போட்டுத் தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கிறாள். அண்ணே என்பதில்லை. சார் என்கிறாள்.