தீர்ப்புக்கு வாய்தா

கொலை வழக்கை நடத்துவது அரசாங்கம். செத்தவர் வீட்டு ஆட்கள் அதில் சாட்சிகள், அவ்வளவுதான். இன்றைக்கு என்ன நடக்கிறது, அடுத்த வாய்தா எதற்கு என்று நம்மைக் கூப்பிட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். என் அண்ணன் வழக்கில் நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது அதே நிலைமையில் இருக்கிற இன்னொரு குடும்பம் என்னிடம் விசாரித்தது. அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பினார்களே, அந்த 2019ஆம் வருடம். எங்கள் பங்குக் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. தன் முறையில் மோட்டாரை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கப் போன அண்ணனை மம்முட்டியால் அடித்தார்கள். அம்மா வரப்பில் நின்று பார்த்தார். அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

அதே கிணற்றில் பங்குள்ள தகப்பன், மகன் என்று இரண்டு பேர் மேல் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட்டில் எதிரிகள் என்பார்கள். குற்றப்பத்திரிகையை 90 நாளுக்குள் போடாவிட்டால் எதிரிகளுக்கு ஜாமீன் கேட்டு வாங்கும் உரிமை வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, எங்கள் நைனா (அப்பா) போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். நல்லவேளை, போட்டுவிட்டார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முதலில் பி.ஆர்.சி. என்று ஒரு பதிவு நம்பர் கொடுப்பார்கள். அங்கிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பியதும் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) நம்பர் வரும். நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனது. சத்துவாச்சாரி கோர்ட்டில் விசாரணை தொடங்கியபோது எதிரிகள் இரண்டு பேருமே ஜாமீனில் வெளியே இருந்தார்கள். வேலூருக்குப் போகிற அதே பஸ்ஸில் அவர்களும் ஏறுவார்கள். அம்மா முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வருவார்.

சாட்சி சொல்கிற நாளில் எதற்கு வேண்டுமானாலும் தயாராகப் போகலாம், சான்றுப் பொருளுக்கு மட்டும் தயாராக முடியாது. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்த ஒரு பொட்டலத்தைப் பிரித்து அண்ணனின் சட்டையை எடுத்துக் காட்டினார்கள். நீலக்கட்டம் போட்டது. ரத்தம் காய்ந்து துணி விறைத்துப்போயிருந்தது. பை மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். அறுந்துபோன பொத்தானுக்குப் பதிலாக நான் தைத்துக் கொடுத்த பச்சைப் பொத்தான் அது. “இது யாருடையது?” என்று பி.பி., அதாவது அரசு வக்கீல், கேட்டார். சொன்னேன். வீட்டில் இன்னொருவருக்கு இந்த நிலைமை வந்தால், பொட்டலம் பிரிப்பார்கள் என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் பிறழ் சாட்சி ஆனார். நடந்ததைப் பார்த்தேன் என்று போலீசில் சொன்னவர், கூண்டில் ஏறி எனக்கு எதுவும் தெரியாது என்றார். வழக்கு போச்சு என்று நாங்கள் உடைந்துபோனோம். எங்கள் வக்கீல்தான் விளக்கினார்: பிறழ் சாட்சி சொன்னதை எல்லாம் கோர்ட் தூக்கிப் போடாது, நம்பும்படி இருக்கிற பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அன்று காலை கிணற்றடியில் சத்தம் கேட்டது என்பது வரைக்கும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அது பின்னால் உதவியது. வக்கீல் என்றதும் சொல்ல வேண்டும்: வழக்கை நடத்துவது பி.பி.தான் என்றாலும், அவருக்கு உதவியாக நாமும் ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். சாட்சியம் முடிந்ததும் கோர்ட் அனுமதி வாங்கி அவர் எழுத்து மூலமாக வாதம் கொடுக்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வந்ததும் இந்தச் சமயத்தில்தான். பணமும், கிணற்றில் எதிரிகளின் பங்கும் தருவதாகச் சொன்னார்கள். கொலை வழக்கில் ராஜி என்பதே சட்டத்தில் கிடையாது. அவர்கள் கேட்டது அம்மா சாட்சியை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து, “என் புள்ளைய நான் பாக்கலன்னு எப்படிப்பா சொல்றது?” என்று மட்டும் கேட்டார். எழுந்து போய்விட்டார்கள்.

இரண்டு பக்கமும் வாதம் முடிந்து, ‘தீர்ப்புக்காக’ என்று தேதி போட்டார்கள். அதுவரை பட்ட பாடெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. வாய்தா வாய்தாவாக அலைந்தபோது செய்வதற்கு ஏதாவது வேலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தீர்ப்பு தயாராகவில்லை என்று ஒரு முறை தள்ளிப்போனது, ஜட்ஜ் விடுப்பு என்று ஒரு முறை. ராத்திரியில் எழுந்து ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் எங்கள் வழக்கின் அடையாள எண்ணான சி.என்.ஆர். நம்பரைப் போட்டுப் பார்ப்பேன். நடுராத்திரியில் அதில் எதுவும் மாறாது என்று தெரியும், இருந்தாலும் பார்ப்பேன். ஊரில் தினம் ஒரு புரளி. விடுதலைதான் என்று ஒருவர், ஜட்ஜுக்கு மாறுதல் வந்துவிட்டது என்று இன்னொருவர். அண்ணி சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், வாதம் முடிந்து 30 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும், காரணம் எழுதி வைத்தால் 45 நாள் வரை போகலாம் என்று இருக்கிறது. பழைய சட்டத்தில் அப்படி நாள் கணக்கு இல்லை. இது நல்ல மாற்றம். இனி வருகிற குடும்பங்கள் ஒரு தேதியை எதிர்பார்த்தாவது காத்திருக்கலாம்.

அண்ணன் மகன் அமெரிக்க சீரியல் பார்க்கிற பையன். “நம்ம கேஸ்ல ஜூரி யாரு அத்தை?” என்று கேட்டான். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. 1959ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மேல் நடந்த கொலை வழக்கில் ஜூரி 8க்கு 1 என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது. அதை ஏற்க முடியாது என்று ஜட்ஜ் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே நானாவதிக்குத் தண்டனை கிடைத்தது. 1973ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கே இடம் இல்லை. ஜூரியில் இருப்பவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை, முடிவைச் சொன்னால் போதும். நம் ஜட்ஜ் ஒரே ஆள், ஆனால் ஒவ்வொரு சாட்சியையும் ஏன் நம்பினார், ஏன் நம்பவில்லை என்று எழுதியாக வேண்டும். அந்தத் தாமதம் எழுதுவதற்கான தாமதம் என்று புரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. வெறும் முடிவை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தீர்ப்பு நாளில் டவாலி பெயர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் கூண்டில் ஏறினார்கள். ஜட்ஜ் முழுதும் படிக்கவில்லை, முடிவை மட்டும் படித்தார். முதல் எதிரியான தகப்பன், கொலைக்கான 302ஆம் பிரிவின் கீழ் குற்றவாளி. இரண்டாம் எதிரியான மகனுக்குச் சந்தேகத்தின் பலன், விடுதலை. தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று தகப்பனைக் கேட்டார். வயதாகிவிட்டது, குறைத்துக் கொடுங்கள் என்றார் அவர். 302ல் ஆயுளுக்குக் கீழே குறைக்க இடமில்லை. மதியத்துக்கு மேல் ஆயுள் தண்டனை என்று சொல்லி, சாயங்காலம் தொரப்பாடி மத்திய சிறைக்குக் கூட்டிப் போனார்கள். ஆயுள் என்றால் 14 வருடம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஆயுள் என்பது ஆயுள் முழுக்கத்தான். முன்விடுதலை பற்றி அரசு யோசிப்பதற்கே பொதுவாக 14 வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. மகனை விட்டதில் அண்ணிக்கு ஆறவே இல்லை. எனக்கும்தான்.

தீர்ப்பு நகலுக்கு மனு போட்டு வாங்கினோம். தமிழில் இருந்தது. வீட்டில் நான் உரக்கப் படித்தேன். அம்மா சொந்தத் தாய், அதனால் அவர் சாட்சியை நம்பக் கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியிருந்தது. உறவு என்பதற்காகவே ஒருவர் சாட்சியை ஒதுக்க முடியாது, குறுக்கு விசாரணையிலும் அவர் தடுமாறவில்லை, கண்ணால் பார்த்தவரே உண்மையான கொலையாளியை விட்டுவிட்டு வேறு ஒருவரைச் சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். அம்மா அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மகன் அடித்ததை அம்மா பார்க்கவில்லை, கூட நின்றான் என்றுதான் சொன்னார், அதனால் அவனை விட்டார்கள் என்பதும் அதிலேயே இருந்தது. ஒத்துக்கொள்ள முடியாவிட்டாலும், எதை எதிர்த்துப் பேச வேண்டும் என்றாவது தெரிந்தது.

நஷ்டஈட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அண்ணி பெயரில் மனு கொடுத்திருக்கிறோம். விடுதலையை எதிர்த்து அரசு மட்டும்தான் அப்பீல் போக முடியும் என்று நினைக்காதீர்கள். 2009ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களே போகலாம். தகப்பன் தரப்பு இப்போது சென்னை ஹைகோர்ட்டில் தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கிறது. அதில் எங்களையும் கேட்க வேண்டும் என்று வக்கீல் மனு போடுகிறார். மகன் விஷயத்தில் அப்பீலுக்கான தாள்களில் அண்ணி கையெழுத்து போட்டுவிட்டார்.